ஈசானியத்துக்குச் சாஞ்ச எஞ்சின்

எங்க அண்ணாச்சிக்குச் சாஸ்திரம்னா உசிரு. தும்மல் வந்தாக்கூட எந்தத் திசையைப் பாத்துத் தும்மினோம்னு யோசிப்பாவ. தப்பான திசைன்னு தோணிட்டா, திரும்பி நின்னு சரியான திசையில இன்னொண்ணு தும்மப் பாப்பாவ. மூக்கு அம்புட்டுப் பணிவா நடந்துக்கிடாது. அன்னைக்குப் பூரா வீட்டுல இருக்க எல்லாருக்கும் ஏச்சு விழும்.

அப்பேர்ப்பட்ட மனுசர் கையில ஒரு நீராவி எஞ்சின் கெடைச்சா என்ன ஆகும்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன். சீமையில பெரிய சண்டை மூளுததுக்கு ஒண்ணு ரெண்டு வருசம் முந்தி நடந்தது. யாருகிட்ட சொன்னாலும் சிரிக்காவ. நானும் சிரிச்சுக்கிட்டேதான் தொடங்குவேன். பாதி சொல்லும்போதே எனக்குக் கோவம் வந்துரும், பொறுத்துக்கிடுங்க.

கோவம் எங்கன இருந்து வருதுன்னு முதல்லயே சொல்லிப்போடுதேன். என்னைக் கட்டிக்கிட்டவிய வெசக்காய்ச்சல்ல போன பெறகு, அம்பாசமுத்திரத்துக்குக் கெழக்க இருக்க பொறந்த ஊருக்கே வந்துட்டேன். அண்ணாச்சி வீட்டுக்குப் பின்னால எனக்கு ஒரு சின்ன வீடு. பொங்கித் திங்கதுக்கு மஞ்சக்காணி வயல். பொண்ணுக்கு மஞ்சள் செலவுக்குன்னு பொறந்த வீட்டுல குடுக்க நெலம் அது, கலியாணத்தப்ப எங்க அப்பா எழுதி வச்சது. அந்த வயல் வெளைஞ்சா என் உலை என் நெல்லுல கொதிக்கும். வெளையலைன்னா பெரிய வீட்டு வாசல்ல நெல்லு வாங்கச் சொளவை நீட்டிக்கிட்டு நிக்கணும். மதினி நல்லவதான். ஆனா நெல்லு அளந்து போடும்போது படியைப் பாக்க மாட்டா, என் மூஞ்சியைப் பாப்பா. அந்தப் பார்வைக்குப் பட்டினியே கெடந்துரலாம்.

வயல் இருக்கது வாய்க்காலோட கடைசியில. தலைமடை அண்ணாச்சிக்கு, நடுவுல கோயில் நெலம், கடைமடை எனக்கு. அப்பா பாசமாத்தான் குடுத்தாவ. பாசத்தையும் கடைமடையில வச்சுக் குடுத்துட்டாவ, என்ன செய்ய.

அந்த வருசம் கார் நெல்லு நடவு முடிஞ்ச கையோட சாரல் பொய்ச்சுப் போச்சு. மலையில ஒரு மேகம் தங்கல. தாமிரவருணி வத்துத ஆறு இல்லதான், ஆனா தண்ணி பள்ளத்துல கெடந்துது. வாய்க்கால் மடைக்கு ஏறி வர அதுக்குத் தெம்பு இல்ல. ஊரெல்லாம் மழைக்கு நேந்துக்கிட்டு இருக்கும்போது, எங்க அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கம் போய் ஒரு பஞ்சாலையில ஒதுக்கிப் போட்டிருந்த பழைய எஞ்சினை வாங்கிட்டு வந்துட்டாவ. அதுல மட்டும் அவியளைக் கொறை சொல்ல மாட்டேன். ஆத்துத் தண்ணியை மேல தூக்கி வாய்க்கால்ல விடணும்னு அந்தச் சுத்துவட்டாரத்துல வேற யாருக்கும் தோணல.

நாலு இரும்புச் சக்கரம். அது மேல, படுக்கப்போட்ட பீப்பாய் கணக்கா ஒரு கொப்பரை. ஒரு முனையில அடுப்பு, மறுமுனையில புகைபோக்கி. தானா நகராது, மாடு கட்டி இழுக்கணும். அது ஊருக்குள்ள வந்த அன்னைக்குப் பிள்ளைகள் பின்னால ஓடுச்சு, நாய்கள் முன்னால ஓடுச்சு, அண்ணாச்சி நடுவுல குடையைப் பிடிச்சுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தாவ.

எஞ்சினோட ஒரு எஞ்சின்காரரும் வந்தாரு. புன்னக்காயல்காரர். கப்பலுக்குச் சரக்கு ஏத்துத நீராவிப் படகுல வேலை பாத்தவர். கழுத்துல சிலுவை, வாயில சுருட்டு, எந்நேரமும் தன் பெருமை. "நான் பாக்காத அலையா? நான் மூட்டாத எஞ்சினா?" இதைச் சொல்லாம ஒரு வாய் சோறு திங்க மாட்டாரு. மீனு இல்லாத எங்க ஊருச் சாப்பாட்டைப் பாத்து, "நாக்கு செத்துப் போச்சம்மா, அடக்கம் பண்ணுதது ஒண்ணுதான் பாக்கி"ன்னு என்கிட்டப் புலம்புவாரு. பெருமை பீத்துனாலும் மனுசருக்கு வேலை தெரியும். கேட்டாலும் சொல்லுவாரு, கேக்காட்டாலும் சொல்லுவாரு. வயல் என் வயலாச்சே, அதனால நான் கேட்டுக்கிட்டேன்.

கொப்பரைக்குள்ள தண்ணி. அந்தத் தண்ணிக்குள்ள, அடுப்புல இருந்து புகைபோக்கி வரைக்கும் வரிசையா இரும்புக் குழாய்கள் போகுது. நெருப்பும் புகையும் குழாய்க்குள்ள ஓடி, சுத்தி நிக்க தண்ணியைக் கொதிக்க வைக்கும். குழாய் அம்புட்டும் தண்ணியில முங்கி இருக்க வரைக்கும் ஒரு பாடும் இல்ல. தண்ணி இறங்கி, குழாய் வெளிய தலையைக் காட்டிட்டா, வெறுஞ்சட்டியை அடுப்புல வச்ச கதைதான். உள்ள எம்புட்டு நிக்குன்னு பாக்கதுக்கு அடுப்பு முனையில ஒரு கண்ணாடிக் குழல் வச்சிருக்கு. உள்ள இருக்க தண்ணி அந்தக் குழல்லயும் ஏறி நிக்கும்.

"அதைச் சும்மா பாத்துட்டுப் போயிரக்கூடாதும்மா. கீழ இருக்க திருகைத் திறந்து ஒரு தடவை சீறவிடணும். மூடினதும் தண்ணி சட்டுனு ஏறி நிக்கணும். பையப் பைய ஏறுச்சுன்னா வழியில சேறு அடைச்சிருக்குன்னு அர்த்தம். கண்ணைத் தண்ணிக்கு நேரா வச்சுப் பாக்கணும். எல்லாத்துக்கும் முந்தி, எஞ்சின் சமமான தரையில நிக்கணும். அது இல்லைன்னா மத்தது எல்லாம் வீணு."

இந்தக் கடைசிப் பேச்சுலதான் வில்லங்கமே.

ஆத்தங்கரையில எஞ்சினுக்கு ஒரு கொட்டகை போட்டாவ. ஓலைக் கொட்டகைதானே, நாலு கம்பை நட்டு முடிச்சிருக்கலாம். அண்ணாச்சி விடுவாவளா? சோசியரைக் கூட்டிட்டு வந்து, கயித்தைப் பிடிச்சு, வாசல் பாத்து, தரை போட்டாவ. எங்க ஊருல எந்த வீட்டுத் தரையும் வடகிழக்கு மூலைக்கு, அதான் ஈசானியத்துக்கு, லேசாச் சரிஞ்சுதான் இருக்கும். கழுவி விட்ட தண்ணி அந்தப் பக்கமா ஓடினா வீடு வெளங்கும்னு ஒரு நம்பிக்கை. ரெண்டு விரக்கடை சரிவு போதும்னு கொத்தனாரு சொன்னாரு. "வீட்டுக்கே ரெண்டு விரக்கடைன்னா, தண்ணி இறைக்க எஞ்சினுக்கு ஒரு சாண் வேண்டாமாவே?"ன்னு அண்ணாச்சி கேட்டாவ. சோசியர் வெத்தலையைக் குதப்பிக்கிட்டே, "பேஷ்"னாரு. அவரு எதுக்கும் அதைத்தான் சொல்லுவாரு, வாயில வெத்தலை இருக்கும்போது வேற வார்த்தை வராது.

நெருப்புக்கு அக்கினி மூலை. அதனால அடுப்பு முனையைத் தென்கிழக்குல வச்சு, தெக்குச் சுவரை ஒட்டி எஞ்சினை நிறுத்தினாவ. புகைபோக்கி முனை மேற்க, மேட்டுல. அடுப்பும் கண்ணாடியும் கெழக்க, பள்ளத்துல. எஞ்சின் பாக்க, முன்னங்காலை மடக்கித் தண்ணி குடிக்க எருமை மாதிரி நின்னுது.

எஞ்சின்காரரு சுருட்டை வாயில இருந்தே எடுத்துட்டாரு. "ஐயா, இது சாஞ்சு நிக்கு. கெழக்குச் சக்கரத்துக்குக் கீழ கட்டை வச்சு ஒசத்தணும்."

"ஈசானியத்துப் பக்கம் ஒசத்துததா? குடும்பம் வெளங்குமாவே?"

"அப்போ மேற்குச் சக்கரத்துக்குக் கீழ தோண்டி இறக்கிருவோம்."

அண்ணாச்சி காதைப் பொத்திக்கிட்டாவ. மேற்கன்னா அங்கன தென்மேற்கு, கன்னி மூலை இருக்கு. கன்னி மூலையில பள்ளம் விழுந்தா குடும்பத் தலைவருக்கு ஆகாதாம். குடும்பத் தலைவரு வேற யாரு, அண்ணாச்சிதான். ஒசத்தவும் கூடாது, தோண்டவும் கூடாது. எஞ்சின்காரரு என்னைப் பாத்தாரு. நான் அண்ணாந்து மானத்தைப் பாத்தேன்.

"கடல்ல எஞ்சின் ஆடும்மா"ன்னு பெறகு என்கிட்ட வந்து பொருமினாரு. "இங்கிட்டு ஒருவாட்டி சாயும், அங்கிட்டு ஒருவாட்டி சாயும், ரெண்டு முனையும் மாத்தி மாத்தி நனையும். இது ஒரே பக்கமா சாஞ்சு தவம் பண்ணுது. தண்ணிச் செம்பைச் சாய்ச்சுப் பிடிச்சா ஒரு பக்கம் விளிம்பு வரைக்கும் வரும், மறுபக்கம் அடி தெரியுமா தெரியாதா? கண்ணாடி பள்ளத்துல இருக்கு. அது நெறைஞ்சிருக்குன்னு சொல்லும், மேட்டுல குழாய் காஞ்சு கெடக்கும்."

அப்போ என்ன செய்யன்னு கேட்டேன். கண்ணாடியில வழக்கமா பாதி நின்னா போதும், இங்கன முக்காலுக்கு மேலயே வச்சுக்கிடுதேன், அப்போதான் மேட்டுப் பக்கமும் முங்கும்னாரு. சரி, ஏதோ ஒரு வழி பொறந்துதுன்னு இருந்தேன்.

நல்ல நாள் பாத்துப் பூசை நடந்துது. சக்கரத்துக்கு மாலை, புகைபோக்கிக்குத் திருநீறு. எல்லாம் முடிஞ்சு அண்ணாச்சி அந்தக் கண்ணாடிக் குழல் முன்னால நின்னாவ. சந்தனத்தைக் கொழைச்சு, சரியா நட்டநடுவுல அப்பி, அது மேல பெருசா ஒரு குங்குமப் பொட்டு வச்சாவ. "தண்ணி பொட்டுக்கு நிக்கணும். பொட்டுக்குக் கீழ போனாலும் தப்பு, பொட்டைத் தாண்டி ஏறினாலும் தப்பு. என்னவே?" பொட்டு எதுக்கு அங்கன வந்துதுன்னு கேட்டா, வைக்க எடம் அதுதான் வாகா இருந்துதுன்னு அவியளே சொல்லுவாவ. வச்ச பெறகு அதுவே அளவாப் போச்சு.

எஞ்சின்காரரு அவிய இல்லாத நேரம் பாத்து முக்காலுக்கு ஏத்தி ஓட்டிப் பாத்தாரு. ஆவியோட தண்ணியும் சேந்து போய், எஞ்சின் உள்ள டொக்கு டொக்குன்னு இடிச்சுது. ஒரு மூலையில இருந்து கொதிதண்ணி பீச்சி, அந்நேரம் பாத்து அங்கன வந்த சோசியர் வேட்டியில விழுந்துது. வெத்தலையைத் துப்பிட்டு அவரு அலறின அலறல் அக்கரைக்குக் கேட்டுது. "பொட்டைத் தாண்டினதுக்குத் தண்டனை"ன்னு அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிட்டாவ. அதுக்குப் பெறகு காலையும் சாயங்காலமும் அவியளே வந்து பொட்டைப் பாத்துட்டுப் போவாவ. தண்ணி பொட்டுக்குத்தான் நிக்கணும், மறுபேச்சு கெடையாது.

எஞ்சின் ஓடுச்சு. பொய் சொல்லக்கூடாது, ஆத்துத் தண்ணி பம்புக் குழாய் வழியாக் குபுகுபுன்னு வாய்க்கால்ல வந்து விழுந்ததைப் பாத்தப்ப எனக்கு அழுகை வந்துட்டு. முதல்ல அண்ணாச்சி வயல் பாஞ்சுது. நெலம் பெருசு, காத்திருந்தேன். பெறகு கோயில் நெலம். சாமிக்கு முந்தி நான் கேக்க முடியுமா, அதுக்கும் காத்திருந்தேன். என் வயல்ல பயிரு சூல் கட்டி நின்னுது. தண்ணி வேணுங்க நேரத்துலயே பெரிய நேரம் அதுதான். அப்போ தண்ணி கெடைச்சா கதிரு, கெடைக்கலைன்னா பதரு. கோயில் நெலம் முடிஞ்சு என் மடையைத் திறந்தாவ. நான் மண்வெட்டியோட வரப்புல நின்னேன். தண்ணி வளைவு திரும்பி வருதது கண்ணுக்குத் தெரிஞ்சுது. அந்த நேரத்துல ஆத்தங்கரையில இருந்து ஊருப் பாம்பு எல்லாம் ஒண்ணாச் சேந்து சீறுத மாதிரி ஒரு சத்தம். வந்த தண்ணி வளைவுலயே நின்னு, மண்ணுக்குள்ள போயிட்டு.

ஓடினேன். கொட்டகை பூரா வெள்ளையா ஆவி. எஞ்சின்காரரு அடுப்பை இழுத்துப் போட்டு அவிச்சுக்கிட்டு இருந்தாரு. மேட்டுப் பக்கத்துல மேல்வரிசைக் குழாய் எல்லாம் காஞ்சு, வெந்து, பொருத்து விட்டுப் போச்சு. யாருக்கும் காயம் இல்ல, அது யாரு செஞ்ச புண்ணியமோ.

அண்ணாச்சி வந்து கண்ணாடியைப் பாத்தாவ. "பொட்டுக்குச் சரியா நிக்கே வே! தண்ணி கொறையல, குழாய் எப்படி வேகும்?"

"பள்ளத்துல நிக்கவன்கிட்டப் போய், ஊருக்குள்ள வெள்ளமான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லுவான், ஐயா. மேட்டுல இருக்கவனைக் கேளுங்க."

குழாயை அடைச்சுச் சரி பண்ணுதது அவருக்குப் பெரிய வேலையா இல்ல. ரெண்டு நாளுல முடிச்சுட்டாரு. ஆனா ஒரே பிடியா நின்னாரு. "கட்டை வச்சுச் சமமா நிறுத்தாம நான் தீக்குச்சி கிழிக்க மாட்டேன். கடல்ல சாகாதவன், ஒரு பொட்டுக்காக ஆத்தங்கரையில சாகவா?"

அண்ணாச்சியும் பிடி விடல. ஈசானியத்துல ஒசத்துத பேச்சே எடுக்கக்கூடாதுன்னுட்டாவ. எஞ்சின் அடுப்புல இல்லாத நெருப்பு பூரா என் வயித்துலதான் எரிஞ்சுது. சாஸ்திரத்தை எஞ்சின்காரரால செயிக்க முடியாது, சாஸ்திரத்தாலதான் செயிக்கணும்னு ராத்திரி பூரா யோசிச்சு, விடிஞ்சதும் போய் நின்னேன்.

"அண்ணாச்சி, போன மாசம் திருநெல்வேலி ஆனித் தேருக்குப் போயிட்டு வந்தியளே. தேரு ஈசானிய முக்குல திரும்பும்போது சக்கரத்துக்குக் கீழ கட்டை குடுக்கலையா?"

"சறுக்குக்கட்டை குடுக்காம தேரு திரும்புமாளா?"

"கட்டையில ஏறித்தானே சக்கரம் திரும்புது? சாமி அதுக்குக் கோவிச்சுக்கிட்டா?"

அண்ணாச்சி பைய கொட்டகைப் பக்கம் திரும்பிப் பாத்தாவ. "ஏளா, நாலு சக்கரம் இருக்கு. உச்சியில கோபுரம் கணக்கா புகைபோக்கி இருக்கு. வடம் கட்டித்தான் இழுத்துட்டு வந்தோம். நீ சொல்லுதது சரிதான்ளா, இது எஞ்சின் இல்ல, தேரு!" அவிய கண்ணு கலங்கிட்டு. எனக்கும் சந்தோசத்துல கண்ணு கலங்கிட்டு. செயிச்சுட்டோம்னு எஞ்சின்காரரைப் பாத்துச் சிரிச்சேன், பாத்துக்கிடுங்க.

தவளை தன் வாயாலே கெடும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாவ. தேருன்னு ஆன பெறகு கட்டையைச் சும்மா சொருக முடியுமா? வெள்ளோட்டம் விடணுமாம். சோசியர் பஞ்சாங்கத்தை விரிச்சாரு. "ஆடி மாசத்துல வெள்ளோட்டம் ஆகாது. ஆவணி பொறக்கட்டும்."

"ஏன், ஆடிப்பூரத்துக்குத் தேரு ஓடலையா?"ன்னு நான் சீறினேன்.

"அது ஓடி ஓடிப் பழகின தேரு. இது கன்னித் தேருல்லா"ன்னாரு. பஞ்சாலையில ஒரு ஆயுசு ஓடிக் களைச்ச கெழட்டு எஞ்சின் எங்க ஊருல வந்து கன்னியாப் போச்சு.

எனக்கு மானம் மரியாதை எல்லாம் விட்டுப் போச்சு. அண்ணாச்சி காலடியில உக்காந்துட்டேன். "அண்ணாச்சி, பயிரு சூலோட நிக்கு. பிள்ளைத்தாச்சிக்குத் தண்ணி குடுக்க நாள் பாப்பியளா? இன்னைக்குக் கட்டையை வைங்க. பூசையை ஆவணியில வச்சுக்கிடுங்க."

"எல்லாம் நல்லதுக்குத்தான்ளா. அவசரப்படாத"ன்னாவ. அவிய வயலு பாஞ்சு முடிஞ்சிருந்துது. கோயில் நெலமும் பாஞ்சு முடிஞ்சிருந்துது. அவசரம் இருந்தது கடைமடைக்கு மட்டுந்தான், கடைமடைக்கு ஏது சாஸ்திரம்?

குடத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கும் வயலுக்கும் நடந்தேன். களையெடுக்க வர்ற ரெண்டு பொம்பளைகளும் என் மேல எரக்கப்பட்டுக் கூட நடந்தாளுவ. வயலுக்குக் குடத்துல ஊத்துதது யானைக்குச் சோளப்பொரிதான். தெரிஞ்சும் ஊத்தினோம். ஊத்துன எடம் குளுகுளுன்னு குடிச்சுட்டு மறுபடி வாயைப் பொளந்துது. அண்ணாச்சி வண்டியில போகும்போது பாத்துட்டு, "உடம்பைக் கெடுத்துக்கிடாதளா"ன்னு பாசமாச் சொல்லிட்டுப் போனாவ.

ஆவணி பொறந்துது. வெள்ளோட்டம்னா வெள்ளோட்டம், அப்படி ஒரு வெள்ளோட்டம். மாவிலைத் தோரணம், மேளம், ஊருக்கே சக்கரைப் பொங்கல். மஞ்சள் பூசின புளியங்கட்டை ரெண்டைத் தாம்பாளத்துல வச்சு, கொட்டகையைச் சுத்தி ஊர்வலமாக் கொண்டு வந்தாவ. எஞ்சின்காரரு ஜாக்கி போட்டு எஞ்சினை ஒசத்த, அண்ணாச்சி தன் கையாலயே கட்டையைச் சொருகினாவ. எஞ்சின் சமமா நின்னுது. கண்ணாடியில தண்ணி மளமளன்னு கீழ இறங்கிட்டு, பொட்டுக்கு ரொம்பக் கீழ. "ஐயோ, தண்ணி எங்க போச்சு?"ன்னு அண்ணாச்சி பதறினாவ. "எங்கயும் போகல, இப்பத்தான் உண்மையைச் சொல்லுது"ன்னு சொல்லிட்டு, எஞ்சின்காரரு பொட்டு வரைக்கும் தண்ணி ஊத்தினாரு. திருகைத் திறந்து சீறவிட்டு, சட்டுனு ஏறுதான்னு பாத்து, குனிஞ்சு கண்ணை நேரா வச்சுப் பாத்து, பெறகு அடுப்பை மூட்டினாரு. நாள் பூரா ஒரு முக்கல் மொனகல் இல்லாம ஓடுச்சு.

தண்ணி என் வயலுக்கும் வந்துது. நெறைய வந்துது. வெடிப்புக்குள்ள குடுகுடுன்னு இறங்கி, பெறகு நெறைஞ்சு, பயிரு காலு நனைய நின்னுது. பயிரு வெளுத்துப் போய் நின்னுது. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில வச்சு ஊதினேன். எல்லாம் பறந்துட்டு. இன்னொரு கதிரை உருவி ஊதினேன், அதுவும் பறந்துட்டு. வரப்புலயே உக்காந்து வாய்விட்டு அழுதேன். செத்தவிய வாயில பால் ஊத்துத மாதிரி இருந்துது எனக்கு.

அண்ணாச்சி அன்னைக்குச் சாயங்காலம் பொங்கல் கிண்ணத்தோட வந்தாவ. "பாத்தியாளா, கடைமடை வரைக்கும் பாஞ்சுட்டு! தேருன்னு ஆன பெறகு அதோட சக்தியே தனி." பொங்கல்ல நெய்யும் முந்திரியும் நல்லாவே போட்டிருந்தாவ.

அதோட விட்டிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன். கொஞ்ச நாள் கழிச்சு ஆளனுப்பிச் சொல்லுதாவ: எஞ்சினுக்கு வெறகு தட்டுப்பாடா இருக்கு, தங்கச்சி வயல்ல பதருதானே கெடக்கு, அந்தத் தாளை அறுத்து அனுப்பினா அடுப்புக்கு ஆகும். தங்கச்சிக்கும் நெலம் சுத்தமாகும். என் பயிரை அறுத்து வண்டியில ஏத்தி, அதை எரிச்சுத் தண்ணி இறைச்சு, அண்ணாச்சி வயலுக்குக் கடைசித் தண்ணி பாஞ்சுது. அவியளுக்கு நல்ல வெளைச்சல். நான் சொளவை எடுத்துக்கிட்டு மதினி வாசல்ல போய் நின்னேன். அவ படியைப் பாக்கல.

அறுப்பு முடிஞ்சுது, மழைக்காலம் வரப்போகுது, எஞ்சினுக்கு வேலை இல்ல. எஞ்சின்காரரு ஊருக்குக் கெளம்பினாரு. தண்ணியை வடிச்சுவிட்டுட்டுப் போறேன்னு கேட்டதுக்கு, "வெறுங்குடமா வைக்கக்கூடாதுவே, பொட்டு வரைக்கும் இருக்கட்டும்"னு அண்ணாச்சி தடுத்துட்டாவ. அவரு என்கிட்டச் சொல்லிக்கிட வந்தப்ப, நான் வளைச்சு நெளிச்சுப் பேசல.

"எனக்கு அந்தக் கட்டை ரெண்டும் வேணும்."

"எதுக்கும்மா?"

"அடுப்பெரிக்க. என் பயிரை அவிய எரிச்சாவல்லா?"

அவரு சுருட்டைக் கையில எடுத்துட்டுச் சிரிச்சாரு பாருங்க, மீனு கெடைச்ச மாதிரி ஒரு சிரிப்பு. "எடுத்துக்கிடுங்க. மறுபடி தீ மூட்ட என்னைத்தான் கூப்பிடணும். சமமா நிக்காம நான் மூட்டவா போறேன்? அப்போ வேற கட்டை வெட்டிக்கிடுதேன்." ஊரு மத்தியானத் தூக்கத்துல இருக்கும்போது ரெண்டு பேரும் கொட்டகைக்குப் போனோம். அவரு ஜாக்கி போட்டாரு, நான் கட்டையை உருவினேன். எஞ்சின் பைய இறங்கி, பழையபடி ஈசானியத்துக்குச் சாஞ்சு நின்னுது. மாலையும் சருகும் சக்கரத்தை மூடிக் கெடந்துது. அண்ணாச்சிக்கு இருக்க தொந்திக்கு அவிய குனிஞ்சு சக்கரத்தைப் பாக்கப் போறது இல்ல.

கட்டையைச் சீலைத்தலைப்புல மூடி இடுப்புல வச்சுக் கொண்டு வந்து, கோடாலியை எடுத்து நானே பொளந்தேன். நல்ல வைரம் பாஞ்ச புளி. கை வலிச்சாலும் அன்னைக்கு அந்த வலி எனக்கு இனிச்சுது.

மறுநாள் காலையில உலை வச்சு, மதினி அளந்து போட்ட நெல்லைக் குத்தி அரிசியைப் போட்டுக்கிட்டு இருக்கேன். அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடி வாராவ. அவிய ஓடி நான் பாத்ததே இல்ல. நெத்தியில திருநீறு வேர்வையில வழியுது.

"ஏளா, ஒரு அதிசயத்தைக் கேளுளா! ஒரு சொட்டுத் தண்ணி யாரும் ஊத்தல. அடுப்பு மூட்டல. போய்ப் பாக்கேன், கண்ணாடியில தண்ணி பொட்டைத் தாண்டி, உச்சிக்கு ஏறி நிக்கு! ஈசானியம் பெருக்குதுளா! கொட்டகையில தண்ணி தானாப் பெருகுது! சோசியர்கிட்டச் சொல்லிட்டேன், அவரு பேஷ்னுட்டாரு!"

புளியங்கட்டை நின்னு எரிஞ்சுது. அவிய அடுப்பைப் பாத்துக்கிட்டேதான் பேசினாவ, ஆனா அடுப்புல எரியுதது என்னன்னு பாக்கல. நான் அகப்பையைப் பானை மேல வச்சுட்டு எந்திரிச்சேன்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. அப்போ அந்தப் பெருகின தண்ணியை மட்டும் என் வயலுக்குத் தெறந்து விட்டுருங்க."